ஃபார்முலா திருப்பிக் கொடுக்கும் உத்தியோகம்

எங்கள் தெருவில் மற்றப் பெண்கள் அப்பளம் இட்டுக் கொடுத்தார்கள், ரவிக்கை தைத்துக் கொடுத்தார்கள். நான் ஃபார்முலா திருப்பிக் கொடுத்தேன். இதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள், மத்தியானம் மூன்றரை மணிக்கு ஷிப்ட் முடிந்து கிரீஸ் கையோடு வரும் இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து, சமக்குறிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஒரே ஓர் எழுத்தை இந்தப் பக்கம் தனியாகக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கட்டும். வீட்டில் டியூஷன் எடுத்துத் தொண்டை கட்டிய சகோதரிகளுக்கு நான் விளக்கவே வேண்டாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் ஆரம்பம். பொன்னேரியில் குடியிருந்தோம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் என் வீட்டுக்காரர் ஃபோர்மன். அங்கே டர்னராகவும் ஃபிட்டராகவும் இருப்பவர்கள் ஃபோர்மனுக்கு அடுத்த மேற்பார்வை ஆளான சார்ஜ்ஹேண்ட் ஆக வேண்டுமென்றால் ஒரு பரீட்சை எழுத வேண்டும். மூன்று தடவைதான். மூன்றிலும் கோட்டை விட்டால் ரிட்டயர் ஆகிறவரை அதே மிஷின், அதே ஸ்டூல். எல்லோரும் தோற்பது ஒரே இடத்தில். ஃபார்முலாவில் முதலில் நிற்கிற எழுத்தைக் கேட்டால் போட்டுவிடுவார்கள். நடுவில் நிற்கிற எழுத்தைக் கேட்டால் தீர்ந்தது.

நான் கான்வென்டில் படித்தவள். இந்த வேலையை எங்கள் கணக்கு சிஸ்டர் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பெல்லாம் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கத்தான் பயன்பட்டது. ஒருநாள் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் என்கிற டர்னரை அழைத்து வந்து, ஒரே ஒரு ஃபார்முலாதான், பத்து நிமிஷ வேலை என்றார். அந்தப் பத்து நிமிஷம் ஒன்பது மாதம் ஓடியது. அதற்குள் நான் இன்னொரு பிள்ளையே பெற்றிருக்கலாம்.

மிஷினுக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று

ஏகாம்பரத்துக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கடைசல் மிஷினான லேத்தில் அவர் கை வைத்தால் இரும்பு சுருள் சுருளாக உதிரும் என்று என் வீட்டுக்காரரே சொல்வார். அவர் லேசில் யாரையும் புகழ்கிறவர் இல்லை. என் சமையலைப் பற்றி இன்னும் கருத்துச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஏகாம்பரம் இரண்டு தடவை தோற்றுவிட்டு மூன்றாவது தடவைக்காக வந்திருந்தார். இதிலும் போனால் அந்த இடம் அடுத்த வருஷம் மாணிக்கத்துக்குப் போகும். மாணிக்கம் வேறு யாருமில்லை, ஏகாம்பரத்தின் சகலை, மனைவியின் தங்கை புருஷன். அதே லேத்து வரிசையில் நாலாவது மிஷின். எட்டு வயது சின்னவன், ஐ.டி.ஐ. படித்தவன். சகலைக்குக் கீழே நின்று வேலை செய்வதைவிட ஆரணி ஆற்றில் மணல் அள்ளப் போகலாம் என்பது ஏகாம்பரத்தின் முடிவு.

முதல் நாளே ஃபார்முலாவை எழுதினேன். V = πDN / 1000. வெட்டும் வேகம் V, உருளையின் விட்டம் D, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது N. ஐம்பது மில்லிமீட்டர் உருளை, வேகம் இருபத்திரண்டு மீட்டர், N எவ்வளவு என்று கேட்டேன். அரை மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு எண்ணூற்று அறுபத்தைந்து என்று எழுதிக் கொடுத்தார். எப்படி வந்தது என்று பார்த்தால், ஆயிரத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்து கூட்டியிருக்கிறார், π-யையும் D-யையும் பெருக்கி இந்தப் பக்கம் கொண்டுவந்து கழித்திருக்கிறார். பக்கம் மாறினால் குறி மாறும் என்று எட்டாவதில் வாத்தியார் சொன்னாராம். கூட்டலுக்குச் சொன்னதைப் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் சேர்த்து இருபத்தைந்து வருஷமாகக் காப்பாற்றிவந்திருக்கிறார்.

நான் தாளை ஓரமாக வைத்துவிட்டு, ஐம்பது மில்லிமீட்டர் இரும்பை உங்கள் லேத்தில் எத்தனை சுற்றில் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, நூற்று நாற்பது என்றார். அதுதான் சரியான விடை. எண்ணூற்று அறுபத்தைந்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்றேன். வெட்டுகிற டூல் நீலமாகிக் கருகிவிடும், ஓட்டியவன் கண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை என்றார். பிறகு எதற்கய்யா அதை எழுதினீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் துளியும் பதறவில்லை.

"மிஷின்ல நான் அப்டிப் போடுவனா டீச்சரம்மா? இது எக்ஸாமுக்குத்தான."

தராசு

ஏகாம்பரத்தோடு கூட வந்தவர் தேசிங்கு. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர், ஃபிட்டர். வீட்டில் அண்ணன் தம்பி எல்லோரும் வலை போட, இவர் மட்டும் ஸ்பானர் பிடிக்க வந்தவர். அவருக்கு இது முதல் தடவை என்பதால் கவலையே கிடையாது. கணக்கைவிட நான் கொடுக்கிற நாஷ்டா மேல் அவருக்கு மதிப்பு அதிகம்.

மைனஸ் பைத்தியத்தைத் தெளிவிக்க, எங்கள் சிஸ்டர் சொன்ன வழியில் போனேன். சமக்குறி என்பது தராசு முள், இரண்டு பக்கமும் இரண்டு தட்டு. ஒரு தட்டில் பாதியை எடுத்தால் மற்றத் தட்டிலும் பாதியை எடுக்க வேண்டும், அப்போதுதான் முள் நேராக நிற்கும். சமையலறைத் தராசையே கொண்டுவந்து, புளியும் படிக்கல்லும் வைத்து, எடுத்து, வைத்து, நாடகமே போட்டேன். ஏகாம்பரம் மரியாதைக்குத் தலையாட்டினார். தேசிங்கு உப்புமாவை முடித்து, கை கழுவிவிட்டு வந்து, தராசைச் சுற்றி வந்து பார்த்தார். இதை நம்பித்தான் கணக்கு நடக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் என்மேல் ஒரு பரிதாபம் வந்தது.

"ரெண்டு தட்டும் சமமா நின்னு எங்க குப்பத்துல எவனும் பாத்ததில்ல டீச்சரம்மா. எறாலு கொண்டாந்து வச்சா, யாவாரி கை எந்தப் பக்கம் கீதோ அந்தப் பக்கம் எறங்கும், அவ்ளோதான்."

மாமனார் விஜயம்

மாப்பிள்ளை யாரோ ஒரு பொம்பளையிடம் பாடம் படிக்கிறார் என்று கேள்விப்பட்டு ஏகாம்பரத்தின் மாமனார் நேரில் பார்க்க வந்தார். ஆரணிக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் நெல் வைத்திருப்பவர். மேல்துண்டைத் தோளிலிருந்து இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏகாம்பரம் எழுந்து நின்றுவிட்டார். தனக்கு இரண்டு மாப்பிள்ளைகளும் ஒன்றுதான், பெரிய மாப்பிள்ளை ஜெயித்தாலும் சின்ன மாப்பிள்ளை ஜெயித்தாலும் அந்த சார்ஜ்ஹேண்ட் நாற்காலி தன் குடும்பத்துக்குத்தான் வருகிறது என்று பெரியவர் ஏகாம்பரத்தின் எதிரிலேயே சொன்னார். அதைக் கேட்டு ஏகாம்பரத்தின் முகம் போன போக்கைப் பார்த்து, எனக்கே ஒரு டம்ளர் மோர் தேவைப்பட்டது.

பிறகுதான் வந்த காரியம் வெளிப்பட்டது. மோட்டார் வாங்கிவிட்டார். அதன் குதிரை சக்தி தெரியும், வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தெரியும். எத்தனை அடியிலிருந்து ஏற்றும் என்று மட்டும் தெரியவில்லை. புத்தகத்தில் இருக்கிற ஃபார்முலா குதிரை சக்தியைத்தான் கண்டுபிடிக்கும். நமக்கு ஆழம் வேண்டும். என் மாணவருக்கு இது நல்ல பயிற்சி என்று அவரிடமே நீட்டினேன். அவர் வழக்கம்போல் மாமனாருக்கு எதிரிலேயே மைனஸ் போட்டார். கிணற்றின் ஆழம் பூமிக்கு மேலே பதினொரு அடி என்று வந்தது. மானம் போகிறதே என்று நானே பிடுங்கி, ஆழத்தைத் தனியாக நிறுத்தி, நாற்பது அடி என்று போட்டுக் கொடுத்தேன். கிணற்றில் தண்ணீர் சித்திரையில் ஐம்பது அடிக்குப் போய்விடுமாம். பெரியவர் தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"கணக்க நல்லாத் திருப்பிட்டம்மா, ஒண்ணும் கொற சொல்றதுக்கில்ல. கெணறுதான் எறங்கிக்கினே போவுது, அதுங்கிட்ட யாரு சொல்றது?"

மூன்று மந்திரம்

இதற்குப் பிறகு ஏகாம்பரம் புரிந்துகொள்ளும் முயற்சியையே கைவிட்டு, மனப்பாடத்தில் இறங்கினார். V கேட்டால் ஒன்று, N கேட்டால் ஒன்று, D கேட்டால் ஒன்று. மூன்றையும் தனித்தனி மந்திரமாக உருப்போட்டார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உறவு உண்டு என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மந்திரங்கள் இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள், N மந்திரத்தில் மேலே நிற்க வேண்டிய ஆயிரம் கீழே போய் உட்கார்ந்திருக்கும்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் மனைவி சரசு தனியாக என்னைப் பார்க்க வந்தாள். ஒரு கூடை கத்தரிக்காயும் கொண்டுவந்திருந்தாள். சாப்பிடும்போது முணுமுணுக்கிறார், குழம்புக்குப் பதில் ரசத்தை இரண்டு தடவை ஊற்றிக்கொள்கிறார், கேட்டால் ஆயிரம் மேலே ஆயிரம் மேலே என்கிறார் என்று சொன்னாள். நானும் என் பங்குக்கு, பாஸ் பண்ணாவிட்டால் என்ன, உயிரா போகிறது என்று சமாதானம் சொன்னேன். சரசு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அவுரு ஃபெயிலாவறது எனக்குப் பழகிப்போச்சும்மா. எந்தங்கச்சி வந்து எங்கையப் புடிச்சிக்கினு ஆறுதல் சொல்லுவா பாருங்க, அத நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்குது."

கத்தரிக்காயை எடுத்து அரியத் தொடங்கினேன். எனக்கும் ஒரு தங்கை உண்டு. டில்லியில் இருக்கிறாள்.

பர்னர்

அடுத்த நாள் எனக்கு யார்மேலும் பொறுமை இல்லை. பம்பு ஸ்டவ் அடைத்துக்கொண்டு காப்பியும் இல்லை. தேசிங்கு அன்றைக்கு சோழவரத்தில் மோட்டார் ரேஸ் பார்க்கப் போய்விட்டார். ஏகாம்பரம் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து ஆயிரத்தைக் கீழே எழுதிக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசற்படியில் ஸ்டவ்வை மடியில் வைத்துக்கொண்டு, துணியால் பர்னரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலால் ஸ்டவ்வை மிதித்துக்கொண்டு இழுத்தேன். அப்போதும் வரவில்லை. ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து, அது மரை போட்டு ஏற்றியது, இழுத்தால் வராது, எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும் என்று சொல்லி, இரண்டு விரலால் கழற்றிக் கையில் கொடுத்தார்.

பர்னரைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். சும்மா சொருகியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இழுப்பேன் என்றார். மரையாக இருந்தால்? ஏற்றின பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றுவேன். அவரைக் கூடத்துக்கு இழுத்துப்போய், தாளில் N-க்குப் பக்கத்தில் நிற்கிற π-யையும் D-யையும் காட்டி, இவை சொருகியிருக்கின்றனவா, மரையில் ஏறியிருக்கின்றனவா என்று கேட்டேன். கூட்டல் குறி எங்காவது தெரிகிறதா? இல்லை. பெருக்கியிருக்கிறது. பெருக்கல் மரை. மரையை மைனஸ் போட்டு இழுக்கிறீர்களே, நியாயமா? வகுத்துக் கழற்றுங்கள். கீழே இருக்கிற ஆயிரம் வகுத்து ஏற்றியது. அதைப் பெருக்கிக் கழற்றுங்கள்.

நாக்கைக் கடித்துக்கொண்டு தாளையே பார்த்தார். பிறகு வலது கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் மேஜைமேல் தாமாகவே ஒரு சுற்று சுற்றின. ஆயிரத்தைக் கழற்றி V-க்குப் பக்கத்தில் வைத்தார். π-யைக் கழற்றிக் கீழே வைத்தார். D-யைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். N தனியாக நின்றது. எட்டு மாதமாகக் கிடைக்காத நூற்று நாற்பது கிடைத்தது. அந்தப் பர்னரைத் தூக்கிக் கொஞ்சலாம் போலிருந்தது. காப்பி இல்லாததாலும் இருக்கலாம். அவரோ என்மேல் வருத்தப்பட்டார்.

"இது மரைன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல டீச்சரம்மா. தராசு கிராசுன்னு பேஜாரு பண்ணிட்டீங்களே."

பரீட்சை

பரீட்சை ஒரு சனிக்கிழமை. வினாத்தாளைத் தயாரிக்கிறவர் மெட்ராஸிலிருந்து வந்த ஓர் அதிகாரி. அன்று ஏகாம்பரம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையில் பேனா கசிந்திருந்தது. N கேட்கவில்லை, D கேட்டுவிட்டார்கள் என்றார். நாங்கள் கடைசி மூன்று வாரமும் N-ஐ மட்டுமே கழற்றிக்கொண்டிருந்தோம். ஆறுதல் சொல்ல சரசுவின் தங்கை பஸ் ஏறிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் சாவகாசமாகத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, எந்த எழுத்தாக இருந்தால் என்ன, மரை மரைதானே, கழற்றிவிட்டேன் என்றார். வேகம் இருபத்திரண்டு, சுற்று நூற்று எழுபத்தைந்து. நாற்பது மில்லிமீட்டர் என்று போட்டிருந்தார். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். சரி.

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். விடைக்குக் கீழே தமிழில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். தங்கள் லேத்தில் நூற்று எழுபத்தைந்து என்ற சுற்றே கிடையாது, நூற்று அறுபதில் லீவரைப் போட வேண்டும், அதிகமாகப் போட்டால் டூல் போய்விடும், கேள்வி கேட்கிறவர்கள் மிஷினைப் பார்த்துவிட்டுக் கேட்டால் நல்லது. மூன்றாவது தடவை, கடைசித் தடவை, பாஸ் போடுகிற அதிகாரிக்கே புத்தி சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எதற்கு எழுதினீர்கள் என்றால், தப்பாக இருந்தால் சொல்ல வேண்டாமா என்கிறார். மூன்று வாரம் நான் பிள்ளையார் கோவிலை அந்தச் சுற்று சுற்றினேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"அந்த மெட்ராஸ் ஆபீஸர் ஒரு மணி நேரம் லேத்து முன்னாடி நின்னு லீவரையே பார்த்துண்டிருந்தார். அப்புறம் பாஸ் போட்டுட்டு, இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தான்னார். நான் தெரியாதுன்னுட்டேன்."

சகலை

ஏகாம்பரம் சார்ஜ்ஹேண்ட் ஆனார். மாணிக்கத்துக்கு இடம் இல்லாமல் போனதற்காகச் சரசு தன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லிவிட்டு வந்த மறுநாள், எனக்கு இரண்டு கூடை கத்தரிக்காய் வந்தது. அவள் முகத்தில் அவ்வளவு கருணையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் இரண்டாவது ஷிப்டுக்கும் ஒரு சார்ஜ்ஹேண்ட் வேண்டும் என்றார்கள். ஒருநாள் மூன்றரை மணிக்கு ஏகாம்பரம் ஓர் ஆளை அழைத்துக்கொண்டு வந்தார். தலையில் எண்ணெய் வழிய, கையில் புத்தம்புது நோட்டோடு, அதுதான் மாணிக்கம். ஐ.டி.ஐ. என்று இத்தனை நாளாக நாங்கள் பயந்த அதே மாணிக்கம். முதல் தடவை எழுதித் தோற்றிருக்கிறார். மாமனார் உத்தரவு, பெரிய மாப்பிள்ளைதான் முன்னே நின்று சின்ன மாப்பிள்ளையைக் கரையேற்ற வேண்டுமாம். ஃபார்முலாவை எழுதி, N எவ்வளவு என்று கேட்டேன். மாணிக்கம் விறுவிறுவென்று எழுதி நீட்டினார். எண்ணூற்று அறுபத்தைந்து. அதைப் பார்த்து ஏகாம்பரத்தின் முகத்தில் பூத்த ஆனந்தத்தை என்னால் வர்ணிக்க முடியாது; தன் பாஸ் ரிசல்ட்டுக்குக்கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

மாணிக்கத்துக்கு அந்த மரை விஷயத்தை இப்போதே சொல்லிவிடலாமா என்று ஏகாம்பரத்தைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன். ஏகாம்பரம் கூடத்தை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லுங்க டீச்சரம்மா, சொல்லத்தானே இட்டாந்தேன். ஆனா அவசரப்படாதீங்க. மொதல்ல தராசுலேர்ந்து ஆரம்பிங்க."

ஃபார்முலா திருப்பக் கற்றுக்கொடுத்தால் மனிதர்களுக்கு அறிவு வளரும் என்று சிஸ்டர் சொன்னது உண்மைதான், ஆனால் அந்த அறிவைக்கொண்டு அவர்கள் முதலில் எதைச் செய்வார்கள் என்பதை, சகலை என்ற உறவே இல்லாத கான்வென்டில் இருந்துகொண்டு, அவர் எப்படி அறிந்திருப்பார்?